சங்கிலி இல்லாமல் இறங்கிய மலை

இன்று காலை என் மருமகள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, வாசலிலேயே அவள் சைக்கிளின் சங்கிலி கழன்று விழுந்தது. கண்ணிகளை இணைக்கும் சின்ன கிளிப் தெறித்துப் படியோரம் கிடந்தது. குனிந்து எடுத்தேன். சங்கிலியைப் பூட்ட இரண்டு கையும் வேண்டும். யோசிக்காமல் கிளிப்பை வாயில் போட்டுக்கொண்டேன். இரும்பும் எண்ணெயும் மண்ணும் கலந்த ருசி நாக்கில் பட்டதும் எனக்குக் கை ஓடவில்லை.

"மாமா, நேரமாவுது. சரியாவுமா, ஆவாதா? ஆவாதுன்னா நான் ஆட்டோவுல போயிருதேன்" என்றாள்.

பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமா, இல்லையா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. கூட்டாளி, நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

நீ போய்ச் சேர்ந்தபின் உனக்கு எழுதப் பலமுறை உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கிறேன். அந்த மலைப்பயணத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால், என்னைக் கூடுதலாகக் காட்டிக்கொள்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிடும். திருத்த நீயும் இல்லை. இன்று அந்த ருசி வாயில் இருக்கும்போதே எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன்.

அது யுத்த காலம். சாரல் மாதங்களில் குற்றாலத்தில் நீ வாடகை சைக்கிள் கடை நடத்தினாய். நான் தென்காசியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்த புதிது. பெயர் சொல்லி நீ என்னைக் கூப்பிட்டதே இல்லை, "ஏலே கணக்கு"தான். விடுமுறை கிடைத்தால் பின் காரியரில் கம்பளியையும் தூக்குச்சட்டியையும் கட்டிக்கொண்டு பாபநாசம், அம்பாசமுத்திரம், கோவில்பட்டி என்று கிளம்பிவிடுவோம். மேக்கரை வழியாக மலையேறி, அச்சன்கோவில் காட்டைக் கடந்து, மேற்குக் கடல்வரை சைக்கிளிலேயே போகவேண்டும் என்பது நம் பெரிய ஆசை. வழிப்படம் வரைந்தவன் நான். வருடா வருடம் தள்ளிப்போட்டவனும் நான்தான். ஒரு வருடம் டயர் தேய்ந்திருக்கிறது என்றேன், இன்னொரு வருடம் காட்டில் அட்டைக்கடி அதிகம் என்றேன்.

"மல தேஞ்சு தரையான பொறவுதான்லே நீ ஏறுவ" என்பாய்.

கடைசியில் அந்தப் பயணம் ஆசையால் வரவில்லை. அச்சன்கோவிலுக்கு அப்பால் மரம் வெட்டும் கூப்பில் உன் அண்ணன் எழுத்தராக இருந்தார். தகப்பன் இல்லாத உன்னை வளர்த்து ஆளாக்கியவர். அவருக்கு மலைக்காய்ச்சல் கண்டு, நினைவு தப்பித் தப்பி வருகிறது என்று கடைசியாக மலையிறங்கி வந்த வண்டிக்காரர் சொன்னார். அவருக்குப் பின்னால் வெள்ளத்தில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது, இனி மழை வெறித்தால்தான் வண்டி போகும் என்றும் சொன்னார். ரயிலில் புனலூர் வழியாகச் சுற்றிப் போகலாம். அதற்குப் பிறகும் நீண்ட நடை. சப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததிலிருந்து, அங்கிருந்து வந்த மலைக்காய்ச்சல் மருந்தான கொயினா மாத்திரை கண்ணில் படாத பண்டமாகிவிட்டது. எங்கெங்கோ அலைந்து ஒரு கைப்பிடி வாங்கி, விடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"கெளம்புலே."

"எப்போ?"

"இப்போ."

 வரமாட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை. மாத்திரையைத் தகர டப்பாவில் போட்டு, ஒட்டுப்போட வைத்திருந்த ரப்பர் டியூபால் தண்ணீர் புகாமல் இறுக்கிச் சுற்றினேன். சேறு அடைக்குமென்று சங்கிலி மூடியையும் மட்கார்டையும் கழற்றினேன். பிரேக் கட்டைகளைப் பார்த்தேன், கயிற்று முடிச்சுகளை இழுத்துப் பார்த்தேன். நீ வாசலில் நடந்துகொண்டே இருந்தாய்.

"அண்ணன் அங்கன நடுங்கிக்கிட்டுக் கெடக்கான். நீ இங்கன முடிச்சு போட்டு வெளையாடுத."

"வழியில அவுந்தா இன்னும் நேரமாவும்."

"அவன் செத்துக்கித்துப் போனாம்னா ஒன் முடிச்சக் கொண்டு எங்க கெட்டப் போற?"

 அன்று முழுவதும் அந்தக் கேள்வி என் காரியரில் இன்னொரு சுமையாக வந்தது.

செங்கோட்டை அப்போது திருவாங்கூர் ராஜ்யம். எல்லைச் சோதனைச் சவுக்கையில் காவல்காரர் நம் மூட்டைகளைத் தடவிப் பார்த்தார். அரிசி கடத்தலைப் பிடிக்கத்தான் அவரை அங்கே போட்டிருந்தார்கள்.

"டப்பியில் எந்தா? அரியோ?"

"ஆமா, ஒரு மரக்கா அரிசி. இந்த டப்பிக்குள்ள திணிச்சு வச்சிருக்கோம்" என்றாய்.

 பிரித்துக் காட்டச் சொன்னார். காட்டினோம். மாத்திரையைப் பார்த்தவர் முகம் மாறிப்போயிற்று. "பனியோ? ஏது ஸ்தலம்?" என்று காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். அச்சன்கோவில் பக்கம் என்றதும் வழியை மறித்திருந்த தடிக்கம்பைத் தூக்கிவிட்டு, "வேகம் செல்லு" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் உன் அவசரம் இன்னும் கூடியது. டப்பாவை நான் மறுபடி ரப்பரால் சுற்றி முடிப்பதற்குள் பத்து தடவை மணியடித்தாய்.

பண்பொழியைத் தாண்டி மேக்கரை வரை மிதித்தோம். பிறகு மிதிப்பது பாதி, தள்ளுவது பாதி. மேலே போகப்போகத் தள்ளுவது மட்டும்தான். பாதை ஓடையாக ஓடியது. நான் உப்புக்கிழியால் காலில் ஏறிய அட்டைகளைத் தொட்டுத் தொட்டு உதிர்த்துக்கொண்டு வந்தேன். நீ அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் கெண்டைக்காலில் ரத்தம் மழையோடு கரைந்து வழிந்தது. சிங்கம்போல ஏறுகிறான், நான் இவனுக்குக் காலில் கட்டிய கல் என்று நினைத்துக்கொண்டேன்.

மலைமுகட்டைத் தாண்டி, இறக்கம் தொடங்க வேண்டிய வளைவுக்குச் சற்று முன்னால் நீ சட்டென்று நின்றாய். எதிர்க்காற்றில் தொழுவ வாடை போல ஒன்று வந்தது. மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. பாதையின் மேல்கரையில், நாலு எட்டுத் தள்ளி, ஒரு பெண் யானை நின்று தின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் குட்டி. பாதைக்கு மறுபக்கம் செங்குத்தான பள்ளம்.

பின்வாங்கி, ஒரு மரத்தின் மறைவில் நின்று பார்த்தோம். அது நகர்கிற மாதிரி இல்லை.

"மணியடிச்சுச் சத்தம் போட்டா ஒதுங்கிரும்லே" என்றாய்.

"குட்டி நிக்கி. ஒதுங்காது. நம்ம மேலதான் வரும்."

"அப்போ பொழுது அடையுத வரைக்கும் இங்கனயே நிக்கச் சொல்லுதியா?"

சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தால் இருட்டுவதற்குள் கூப்பைச் சேர முடியாது. சுமையோடு தூக்கிக்கொண்டு போக அந்த வழுக்கல் விடாது. தள்ளிக்கொண்டு போனால் பின்சக்கரத்து ஃப்ரீவீல் டிக்கு டிக்கென்று ஊரைக் கூட்டும். மழைச் சத்தத்தையும் மீறி அது கேட்கும். காட்டில் அப்படியொரு சத்தம் வேறெதுவும் போடாது.

எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லவே பயம்.

"சங்கிலியக் கழத்திட்டா சத்தம் வராது."

"நெசமாவா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"ஞாயித்துக்கெழம தொடைக்கும்போது பாத்திருக்கேன். சங்கிலி இல்லன்னா பல்லுச்சக்கரமும் கூடவே சுத்தும். சத்தம் வராதுன்னுதான் நெனைக்கேன்."

"அது தொரத்துச்சுன்னா? சங்கிலி இல்லாம எப்படிலே மிதிக்க?"

 நீ என் முகத்தைப் பார்த்தாய், யானை இருந்த திசையைப் பார்த்தாய். பிறகு சைக்கிளை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாய்.

இரண்டு சங்கிலியையும் கழற்றினேன். அவை குலுங்காமல் ஈரத் துண்டில் இறுகச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டேன். மணிகளைத் துணியால் கட்டினேன். தூக்குச்சட்டிக்குள் இலையைத் திணித்தேன். இரண்டு கிளிப்புகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நெல்மணி அளவு, சட்டைப்பை நனைந்து தொங்கியது, விழுந்தால் அந்தச் சேற்றில் ஆயுசுக்கும் கிடைக்காது. வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

நீ முன்னால், நான் பின்னால். சக்கரங்கள் சத்தமில்லாமல் உருண்டன. நான் நினைத்தது சரிதான் என்று ஒரு கணம்கூடச் சந்தோஷப்பட முடியவில்லை. யானைக்கு நேர் எதிரே வந்தபோது மூங்கில் முறிவது நின்றது. காதுகள் அசைவதும் நின்றது. நாம் நின்றோம். அது நம்மைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை. அதன் கண்ணோரம் வழிந்த தண்ணீர்க்கோடு வரை எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் நீ தலையைத் திருப்பாமல், மூச்சுக்காற்றாலேயே பேசினாய்.

"ஏலே, எனக்குப் பயமாருக்கு."

யானையைச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

"அங்கன போயி என்னத்தப் பாக்கப் போறமோன்னு பயமாருக்கு. அவன் இருக்கானோ இல்லையோ. இந்தா, இப்படியே நின்னுட்டா நல்லாருக்கும்னு தோணுதுலே."

விடிந்ததிலிருந்து நீ போட்ட சத்தமெல்லாம் என்னவென்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. ஏதாவது சொல்லவேண்டும். வாய் திறந்தால் கிளிப் விழும். விழாவிட்டாலும், என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையை நீட்டி உன் காரியரைப் பிடித்தேன். தள்ளவில்லை, சும்மா பிடித்திருந்தேன்.  மறுபடி மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. நீ ஓர் எட்டு எடுத்து வைத்தாய்.

வளைவைத் தாண்டியபோது தப்பித்தோம் என்று நினைத்தேன். சத்தத்தைப் பற்றி அவ்வளவு யோசித்த நான், காற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதுவரை எதிர்க்காற்று யானையின் வாடையை நம்மிடம் கொண்டுவந்தது. தாண்டியதும் அதே காற்று நம் வாடையை அதனிடம் கொண்டுபோயிற்று. பின்னால் பிளிறல் எழுந்தது. அடுத்து மரம் ஒன்று முறிந்தது.

"ஏறுலே" என்றாய்.

ஏறி உட்கார்ந்தோம். மிதிக்கச் சங்கிலி இல்லை. மலைதான் நம்மை இறக்கியது. நனைந்த சக்கரத்தைப் பிரேக் பிடிக்கவில்லை. இழுக்க இழுக்க வழுக்கியது. இடதுபக்கம் பள்ளம். செருப்புக்காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு வளைவையும் திரும்பினாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நானும் திரும்பினேன். கத்தத் தோன்றியபோதெல்லாம் கிளிப்பைக் கடித்துக்கொண்டேன். துரத்திய சத்தம் எந்த வளைவில் நின்றதென்று நம் இருவருக்குமே தெரியாது.

கீழே ஆற்றங்கரையில், பாதை சமதளமான இடத்தில், சைக்கிள்கள் தாமாகவே நின்றன. நீ சங்கிலியைப் பூட்ட உட்கார்ந்தாய். உன் விரல்கள் கண்ணியைப் பிடிக்க மறுத்தன. இரண்டு தடவை முயன்றுவிட்டு என்னிடம் நீட்டினாய். என் கை நடுங்கவில்லை. அது தைரியமில்லை, கைக்கு ஒரு வேலை கிடைத்தால் அது என் மனதைக் கேட்காது, அவ்வளவுதான். கிளிப்புகளைத் துப்பி எடுத்து, இரண்டையும் பூட்டினேன்.

"நல்லவேள, நீ ஒண்ணும் சொல்லல" என்றாய். "ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிருந்தேன்னா ஒன்னயப் பள்ளத்துல தள்ளிருப்பேன்."

கூப்பைச் சேர்ந்தபோது அந்தி மங்கிக்கொண்டிருந்தது. குடிசை வாசலில் நீ உள்ளே போகாமல் நின்றாய். நான் மறுபடி உன் காரியரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அதைக் கேட்டதும் சைக்கிளை அப்படியே என்மேல் விட்டுவிட்டு உள்ளே ஓடினாய்.

மாத்திரை உள்ளே போய், காய்ச்சல் விட்டு வந்து, விட்டு வந்து, ஒருநாள் விட்டே போயிற்று. உன் அண்ணன் கண் தெளிந்து என்னை ஏறிட்டுப் பார்த்தார். கிளிப்பிலிருந்து வாயில் ஒட்டிய எண்ணெய் மசியைக் கழுவத் தோன்றாமலே நான் அத்தனை நாளும் அவர் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

"இவன் ஏம்லே வாய்க்கு மை தீட்டிருக்கான்?" என்றார்.

நீ அன்று சிரித்தும் அழுதும் உருண்டாய். குற்றாலத்தில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாய். பயந்தவன் நீ என்றும், சங்கிலி பூட்டியவன் நான் என்றும் சொன்னாய். எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை என்று மறுப்பேன். "கணக்கு தப்பாச் சொல்லுதான்" என்று அவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பாய். மேற்குக் கடலுக்கு மட்டும் நாம் கடைசிவரை போகவே இல்லை.

போன வருடம் உன்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உன் மகன் தொலைபேசியில் சொன்னான். தென்காசியிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்னிடம் என்ன சொல்லவேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கினேன். எது முதலில், எது பிறகு என்றுகூட முடிவு செய்துவிட்டேன். கட்டிலருகே வந்து நின்றதும் நீ கண் திறந்து பார்த்தாய். காட்டில் பயமாயிருக்கிறது என்று நீ சொன்னபோது உன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்று அது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தெரிந்தது. அடுக்கிய ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"ஏலே கணக்கு, வாயில கிளிப்பு வச்சிருக்கியா?"

தலையை ஆட்டினேன்.

"சரி. அப்படியே நில்லு."

அப்படியே நின்றேன். 

இன்று சங்கிலியைப் பூட்டிக் கொடுத்ததும் மருமகள் ஏறிப் போய்விட்டாள். தெருமுனை இறக்கத்தில் அவள் மிதிப்பதை நிறுத்தியபோது ஃப்ரீவீல் டிக்கு டிக்கென்று கேட்டது. காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை.