காணாமற்போனோர் பட்டியலை மீட்டவனுக்கு

மச்சான்,

இன்று காலை அலுவலகக் கணினித் திரையில் ஒரு வரி வந்தது: ‘அப்படியோர் அட்டவணை இல்லை.’ என் கை தானாகவே விசைப்பலகையை விட்டு விலகியது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாட்களில், கல்முனை நிவாரண அலுவலகத்தில் நாமிருவரும் பார்த்த அதே வரி.

காணாமற்போனவர்கள், ஆஸ்பத்திரிகளில் கிடந்தவர்கள் எல்லோருடைய பெயர்களும் அந்த ஒரு தரவுத்தளத்தில்தான் இருந்தன. அன்று அது மந்தமாக ஓடியது. வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. பொறுமையிழந்து கணினியின் சுவிட்சை அணைத்தேன். மறுபடி திறந்தபோது பட்டியலே இல்லை. நீ வந்ததும், "கரண்ட் போயிட்டு" என்றேன்.

பொறுப்பதிகாரி, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்துங்க" என்றார். எழுதிய தாள்களில் பாதி மழையில் ஊறிப்போயிருந்தன. விவரம் சொன்னவர்கள் எந்த முகாமில் இருந்தார்களோ. மருதமுனையிலிருந்து வந்த நெசவுக்காரத் தாய் ஒருத்தி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மகன், என்ட புள்ளட பேரு இரிக்கா?"

"கொஞ்சம் இருங்கம்மா, பாக்கிறம்" என்றாய். பிறகு என்னிடம், "பழுதானதில கை வைக்காத மச்சான். முதல்ல முழுசாக் கொப்பி எடுப்பம்."

நகலில்தான் தேடினாய். எந்த அட்டவணை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தரவுத்தளம் தனக்காக எழுதிவைக்கும் உட்பட்டியல்தான் பழுதாகியிருந்தது. நம் அட்டவணைக்கு அதில் இரண்டு பதிவுகள். ஒன்று வெறுங்கோப்பைக் காட்டியது, மற்றது பெயர்கள் இருந்த கோப்பை. "ஆக்கள் எங்கயும் போகல்ல. வழி சொல்ற இடம்தான் பிழையாப் போயிட்டு" என்றாய். பொய்ப் பதிவை நீக்கினாய். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அந்தத் தாயின் மகள் அம்பாறை ஆஸ்பத்திரியில், கால் முறிந்து, உயிரோடு இருந்தாள். கேட்டதும் தாய் "அல்லாஹ்" என்று தரையில் அமர்ந்துவிட்டாள்.

அவளை அனுப்பிய பிறகே உன் மனைவியின் பெயரைத் தேடினாய். நீயே பதிந்த பெயர். எதிரே ‘காணவில்லை’ என்றிருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாய்.

போர் முடிந்த ஆண்டு, வன்னியிலிருந்து வந்தவர்களின் முகாம்களில் உன் தம்பியைத் தேடித் திரிந்து, காய்ச்சலோடு திரும்பினாய். சுவிட்சைப் பற்றிச் சொல்லிவிடத்தான் உன் கட்டிலருகே வந்தேன். நீயோ தம்பியைக் கண்டதாகச் சொன்ன ஒருவரைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாய். நாளை சொல்லலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் நீ இல்லை. உன் வீட்டு வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள்.

கரண்ட் போகவில்லை, மச்சான். நான்தான் அணைத்தேன். சொல்லியிருந்தால் நீ திட்டியிருக்க மாட்டாய். அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.