அப்பாவின் லாகின்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு முதலில் வேண்டியது அதுதான். குட்டிக்குச் சளி விட்டதா, தலைக்குக் குளிப்பாட்டிவிட்டு ஈரத்தோடு விளையாட விடாதே. இங்கே நாங்கள் நலம் என்று எழுதப் போய்ப் பாதியில் நிறுத்திவிட்டேன், உனக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. அப்பா ஏன் முன்னைப் போல் பேசுவதில்லை என்று நீ போனில் கேட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சமாளித்தேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்வது. அதனால்தான் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் எழுதுகிறேன், சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது உட்கார்ந்து நிதானமாகப் படி.

எங்கள் உள்ளாட்சி அலுவலகங்களில் புது லாகின் வேலை நடக்கிறது என்று முன்பே சொன்னேன், நீ குட்டிக்கு ஊட்டிக்கொண்டே ம் ம் என்றாய், காதில் விழுந்திருக்காது. முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். இதுவரை இந்த வட்டாரத்து அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ஒரு பிரிவுக்கு ஒரே பாஸ்வேர்டுதான். யார் வந்து உட்கார்ந்தாலும் அதையே தட்டுவார்கள். ஓர் அலுவலகத்தில் அதை ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரிலேயே மார்க்கரில் எழுதி வைத்திருந்தார்கள், ஃபேன் போட வருகிறவர்களுக்கெல்லாம் அலுவலக ரகசியம் அத்துப்படி. போன வருஷம் வரிப் பிரிவில் யாரோ ஒரு வீட்டு உரிமையாளரின் பெயரைக் கணினியில் மாற்றிவிட்டார்கள். செய்தது யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை, அன்றைக்குக் கடைசியாக அறையைப் பூட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக, நம் வீட்டுக்கு அடிக்கடி வருவாரே அந்த வரிப் பிரிவு அக்கா, அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். நம் சமையலறையில் நின்றுகொண்டு, "நான் தொடவே இல்ல, தொடலன்னு எப்படிக் காட்டுறது" என்று அழுதார். அதைப் பார்த்துத்தான், ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனி லாகின் கொண்டுவரப் போகிறோம், அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். அப்பாவும் உன்னால் முடியும், போ என்றுதான் சொன்னார்.

பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். பாஸ்வேர்டைத் தட்டினால் மட்டும் போதாது, அவரவர் போனில் ஓர் எண் வரும், அதையும் தட்ட வேண்டும், அது கொஞ்ச நேரத்தில் மாறிவிடும், அதற்குள் தட்டிவிட வேண்டும். இதைச் சொல்வதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒரு மேலாளர் பாஸ்வேர்டு என்ன வைப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டு திரையைக் கையால் மறைத்தபடி தட்டினார், பின்னால் நின்ற அவருடைய உதவியாளர், மனைவி பெயராக இருக்க முடியாது, இருந்தால் எதற்கு மறைக்கிறார் என்று என் காதில் சொன்னாள். இப்படிச் சிரித்துக்கொண்டே போன வேலைதான். கடைசியாகத்தான் அப்பாவின் குடிநீர்ப் பிரிவுக்குப் போனேன். உனக்குத் தெரியும், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எங்கே குழாய் உடைந்தால் எந்த வால்வை மூடுவது என்று உத்தரவு போடுகிற மேற்பார்வையாளர் நாற்காலி அவருடையது. அவர் இங்கே கணினியில் தட்டினால் அங்கே வால்வுக்காரர் போனில் அது தெரியும், அவர் திறப்பார், மூடுவார். அப்பாவுக்கு அடுத்த மேசையில் உட்காருகிற சோடாபுட்டி, அதுதான் தடிக் கண்ணாடி போட்டிருப்பானே, உன் கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் ஐஸ்கிரீம் கொடுத்துவிட்டுத் தனக்கு மிச்சமில்லாமல் நின்றவன், அவன்தான் அன்றைக்கு எல்லோரையும் விட அதிகமாக எதிர்த்துப் பேசினான். எங்கள் பிரிவுக்கு மட்டும் பழையபடியே விட்டுவிடுங்கள், அவசர வேலை, ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் தட்ட வேண்டியிருக்கும் என்றான். நான் வரிப் பிரிவு அக்காவை நினைத்துக்கொண்டு, ஒளிக்க ஒன்றுமில்லாதவர்களுக்குத் தன் பெயரில் வேலை செய்ய என்ன பயம் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றான். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

புது லாகின் ஆரம்பமானதும் யார் யார் தப்பாகத் தட்டித் தங்கள் லாகினைப் பூட்டிக்கொண்டார்கள் என்று தினமும் என் திரைக்கு வரும். முதல் வாரம் பாதிப் பேர் பூட்டிக்கொண்டார்கள், அதில் அப்பாவும் ஒருவர், வீட்டில் வந்து கிண்டல் செய்தேன், அவரும் சிரித்தார். அப்புறம் மற்றவர்களெல்லாம் பழகிவிட்டார்கள், அப்பாவின் பெயர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் ஒருநாள் கேட்டபோது, உன் சிஸ்டம்தான் ஓட்டை, என்னைக் குறை சொல்லாதே என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். இத்தனை வருஷத்தில் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தவரில்லை உன் அப்பா. எங்கள் விதிப்படி சொந்தக்காரர்களின் லாகினை நானே திறந்துவிடக் கூடாது, இன்னொரு பொறுப்பாளர்தான் போனில் பேசி, ஆள் அவர்தானா என்று சரிபார்த்துத் திறக்க வேண்டும். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் அப்பாவிடம் பேசினாள். பேசிவிட்டு என் மேசைக்கு வந்து நின்றாள். என்னம்மா என்றேன். பிறந்த தேதி கேட்டதற்கு அப்பா, "கொஞ்சம் இரும்மா, என் வீட்டுக்காரிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாராம். விளையாட்டாகச் சொல்லியிருப்பார் என்றேன். அவளும் ஆமாம் மேடம் என்று போய்விட்டாள். விளையாட்டில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போய் நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டுவிட்டால் உண்மையாகிவிடும் என்கிற பயம். நீயாவது பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் குழாய் உடைந்து, ஃபிட்டர் ஒருவர் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார், கட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், குள்ளமாக இருப்பார், வேலைக்குக் கெட்டிக்காரர். பழைய பள்ளிக்கூடத் தெரு என்று ஊரின் மறுபக்கம் இன்னொன்று இருக்கிறது, தண்ணீர் திறக்க வேண்டிய முறை அந்தத் தெருவுக்கு. அப்பா மாற்றித் தட்டிவிட்டார். உத்தரவு வந்ததும் வால்வுக்காரர் திறந்துவிட்டார், அவரை என்ன சொல்வது, அவர் போனில் தெளிவாக இருந்தது. குழிக்குள் தண்ணீர் அடித்து ஒரு பக்கத்து மண் அப்படியே சரிந்து கட்டையனின் கால் மேல் விழுந்துவிட்டது. உயிரோடு தூக்கிவிட்டார்கள். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், இனிமேல் குழியில் இறங்கி வேலை செய்கிற கால் இல்லை அது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் போய், என்னப்பா ஆச்சு, எப்படி விழுந்தாய் என்று கேட்டார். வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டார். கட்டையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் சோடாபுட்டி நின்றிருந்தான். அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிப்போனான். "அக்கா, ஒரு வருஷத்துக்கு மேல அவர் வேலைய நான்தான் பாத்துட்டு இருந்தேன். அவருக்குத் தெரு பேரெல்லாம் குழம்பிப்போச்சு. ஒரே பாஸ்வேர்டா இருந்ததால அவர் இடத்துல உக்காந்து நானே தட்டிடுவேன், யாருக்கும் தெரியாது. நீங்க தனித்தனியா குடுத்ததும் என்னால ஒண்ணும் பண்ண முடியல" என்றான். ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர்தான் வீட்டில் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். நாலு பேர் நடுவில் நான் அவனைக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், அன்றைக்கு அவன் அதை விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். என் கண் முன்னால் தினமும் சாப்பிட்டு, பேப்பர் படித்து, சட்டை மாட்டிக்கொண்டு போய் வந்த மனிதர், எனக்கே தெரியாமல் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருந்திருக்கிறார். அது பக்கத்து மேசைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, கட்டினவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். வயதானால் வருகிற மறதி இல்லை, இது வேறு, நிறுத்த மருந்தில்லை, கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்கிறார்கள். அப்பாவுக்கு இன்னும் ஓய்வு பெறுகிற வயதுகூட ஆகவில்லை. விசாரணையில் என்னையும் உட்காரவைத்தார்கள், லாகின் பொறுப்பு என்னுடையது என்பதால். திரையில் அப்பாவின் பெயர், அவர் போட்ட உத்தரவு, எல்லாம் பளிச்சென்று இருந்தது. விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "என் பேர்லதான் இருக்கு. அப்ப நான்தான் பண்ணிருக்கணும். எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அப்புறம் சோடாபுட்டி தானாகவே எழுந்து, இத்தனை நாள் அவருக்காகத் தட்டியது நான் என்று சொல்லிவிட்டான், அவனுக்கும் ஒரு மெமோ. அப்பாவை உடல்நிலை காரணம் காட்டி வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அவர் லாகினை நிரந்தரமாக மூடியதும் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்தான், மூடுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். ஆதாரம் இல்லை என்று வரிப் பிரிவு அக்காவைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள், நல்ல செய்தி என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. போன வாரம் பெரிய கூட்டம் போட்டு, எல்லா அலுவலகத்திலும் புது லாகின் வந்தாகிவிட்டது, ஒரு விபத்து நடந்தபோது யார் செய்தது என்று உடனே தெரிந்துகொள்ள முடிந்தது, அந்த அளவுக்கு ஏற்பாடு பக்கா என்று மேலதிகாரி என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

இந்தப் புது லாகின் வந்திராவிட்டால் சோடாபுட்டி இன்னும் எத்தனை நாள் மறைத்திருப்பான், அவன் லீவு போட்ட ஒருநாள் இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்திருக்கும் என்று உன் சித்தப்பா எனக்கு ஆறுதல் சொல்கிறார். நியாயம்தான். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்க்கிறேன், நினைத்து முடிப்பதற்குள் கட்டையன் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது கண்ணுக்குள் வந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய் வருகிறேன், வாசல் வரைதான், உள்ளே கூப்பிடமாட்டார்கள், கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. வீட்டில் அப்பா காலையில் நான் கிளம்பும்போது, என் லாகினைச் சரிசெய்துவிட்டாயா என்று கேட்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். சீக்கிரம் செய், அங்கே ஆளில்லாமல் திண்டாடுவார்கள் என்கிறார். பகலில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து பார்த்துக்கொள்கிறாள். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத்தான் வெளியே போகிறேன், தெருக்கதவைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன், அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுகிறோமே என்று தினமும் படியிறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு இனிமேல் நல்லது நடக்கும் என்று நம்பிக்கையாக எழுத வரவில்லை, மன்னித்துக்கொள்.

நீ உடனே வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. குட்டிக்குப் பள்ளிக்கூட லீவு விடுகிற சமயத்தில் வா, கொஞ்ச நாள் இருக்கிற மாதிரி வா, தள்ளிப் போட வேண்டாம், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல். நீ ராத்திரி அழுதுகொண்டு சாப்பிடாமல் படுத்துவிடாதே, உனக்குப் பசி தாங்காது. எல்லா நன்மையும் உன்னையும் உன் குடும்பத்தையும் சூழ்ந்திருக்கட்டும், குட்டிக்கு என் முத்தம்.

ஒன்று மறக்காதே. நீ போன் செய்யும்போது குரலை மாற்றிக்கொண்டு, யார் பேசுகிறேன் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று அப்பாவிடம் விளையாடுவாயே, அது இனி வேண்டாம் கண்ணு. போன தடவை நீ அப்படிக் கேட்டபோது அவர் போனை என்னிடம் நீட்டி, யாரோ பேசுகிறார்கள், நீயே கேள் என்றார். அப்பா நடிக்கிறார் என்று நினைத்து நீ அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாய். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இனிமேல் எடுத்தவுடனே, "அப்பா, நான் உங்க பொண்ணு பேசறேன்" என்று சொல்லிவிடு. அவர் ஒன்றும் பேசாவிட்டால் கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, இன்னொரு தடவை சொல்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா