நம் வண்டிக்கு உன் பெயர் மட்டும்

அன்பு ஏகாம்பரம், என் வயிற்றெரிச்சலே,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பிள்ளையார்பாளையத்தில் உன்னைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சேதி கேள். நாம் இருவரும் சேர்ந்து செய்த வண்டியை ஒரு பொறியியல் கல்லூரிக்காரர்கள் கேட்டு வந்தார்கள். கண்ணாடிக் கூண்டில் நிறுத்தப் போகிறார்களாம். பக்கத்தில் வைக்கும் பலகைக்கு வாசகமும் எழுதிக் கொண்டுவந்தார்கள்: 'வடிவமைத்தவர் பைக் மெக்கானிக் ஏகாம்பரம்.' என் பெயரைக் காணோம். செத்த பிறகுமா? நியாயமா இது?

அந்த வண்டியில் உன்னுடையது என்ன? பழைய மொபெட் எஞ்சின் ஒன்று. சட்டம் என் சைக்கிள் கடையில் கிடந்த ரேஸ் சைக்கிளுடையது. வளைந்த ஹேண்டில்பார், சக்கரம், பெடல், முதுகை வளைத்து உட்காருகிற அந்த வாகு, எல்லாமே சைக்கிள்தான். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்கே தன் பெயரை வைத்த கதை.

நீதானே செல்போனில் பழைய படங்களைக் காட்டினாய்? ரேஸ் சைக்கிள் சட்டத்தின் நடுவில் எஞ்சினைச் செருகித்தான் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களைச் செய்திருக்கிறார்கள். சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்குக் காற்றை மறைக்க ஒரு மோட்டார் வண்டி முன்னால் போகுமாம். போகப்போகக் கூட்டம் அந்த வண்டியையே பார்க்க ஆரம்பித்துவிட்டதாம். "பாத்தியாபா, உன் சைக்கிளுக்கு வேலைக்கு வந்தவன் எசமான் ஆயிட்டான்" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. உன் கடையில் நிற்கும் கூட்டமும் என் கடையில் மொய்க்கும் ஈயும் எனக்குத் தெரியாதா?

"அதே மாதிரி ஒண்ணு செஞ்சி தெருவுல ஓட்டிக் காட்டலாம்பா" என்று நீதான் ஆரம்பித்தாய். எஞ்சினிலிருந்து சக்கரத்தைச் சுற்ற அவர்களுக்குத் தோல் பெல்ட். நமக்குக் கிடைத்தது பருத்திப் பட்டை, வழுக்கிக்கொண்டே இருந்தது. தறிக்காரன் பிள்ளை இல்லையா நான், தறியில் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியை அதற்கும் போட்டுக் காயவைத்தேன். பிடித்தது என்றால் அப்படிப் பிடித்தது! வண்டி உதறி உதறிக் கிளம்பியது. அந்த உதறலில், முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் மயிரிழைபோல ஒரு விரிசல் விட்டது. மறுநாள் பார்த்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பார்த்தும் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து நீ வண்டியை எடுத்தபோது தெருவே உனக்குக் கைதட்டியது. 'விழட்டுமே, ஒரே ஒரு தடவை' என்று நினைத்தேன். ஃபோர்க் உடைந்து விழுந்தாய். மணிக்கட்டு உடைந்தது. அப்புறம் அந்தக் கையால் ஸ்பேனரை அழுத்திப் பிடிக்க உன்னால் முடிந்ததே இல்லை. "பிரேக்க தப்பா புடிச்சிட்டேன்பா" என்று எல்லோரிடமும் நீயே சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

நேற்று பலகைக்காகச் சண்டை போடத்தான் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி வசந்தா உடனே ஒத்துக்கொண்டாள். "உங்க பேரையும் போடச் சொல்றேண்ணா. ஆனா இத மட்டும் அவங்க கண்ல காட்டாதீங்க, அவரு சொல்லியிருக்காரு" என்று அன்றைக்கு வண்டியிலிருந்து கழற்றிய அந்த உடைந்த ஃபோர்க்கைக் கொண்டுவந்தாள்.

"ஏம்மா?"

"உடைஞ்ச எடம் பாதி கறுத்து இருக்குது பாருங்க. புதுசா உடைஞ்சா பளபளன்னு இருக்குமாமே. முன்னாடியே விரிசல் உட்டிருக்குது, சண்முகம் கண்ணுக்குத் தப்பியிருக்காது, கேட்டா அவன் வருத்தப்படுவான்னாரு."

அடப்பாவி! தெரிந்துகொண்டா இத்தனை வருடம் தினமும் என்னோடு டீ குடித்தாய்? ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? உன் எஞ்சின் மேல், உன் கடைக் கூட்டத்தின் மேல் எனக்கு இருந்த பொறாமையெல்லாம் சும்மா. இப்போது வந்திருக்கிறதே, இதுதான் பொறாமை. எனக்கு ஏன் இப்படி ஒரு மனசு இல்லை?

நாளைக்குக் கல்லூரிக்குப் போகிறேன். என் பெயரைக் கேட்டு வாங்குவேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உடைந்த ஃபோர்க்கையும் அதே கூண்டில் வைக்கச் சொல்லி, அது யாரால் உடைந்தது என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். வசந்தா தடுத்தாலும் கேட்க மாட்டேன், சத்தியம்.

வருத்தப்படுவான் என்றாயாமே. படுகிறேன், ஏகாம்பரம்.

உன் கூடப் பிறக்காத அண்ணன்,
சைக்கிள் கடை சண்முகம்