ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

மார்ச் 3, செவ்வாய்

லேபில் இன்று முழுக்க ஒரே ஒரு மேல்தாடைப் பல் செட்டுடன் மல்லுக்கு நின்றேன். பல் டாக்டர் எடுத்து அனுப்பிய அச்சே கோணல். அதன்மேல் நான் செய்கிற செட் மட்டும் எப்படி நேராக உட்காரும்? மெழுகு அக்கா – மெழுகில் பல் அடுக்குவது அவர் வேலை, அதனால் லேபில் எல்லோருக்கும் அவர் மெழுகு அக்கா – "திருப்பி அனுப்புப்பா. ஊர்ல இருக்கிற வாய்க்கெல்லாம் நீயா பொறுப்பு?" என்றார். அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அப்பா, கம்ப்யூட்டர் மறுபடி படுத்துக்கிச்சு. சுவிட்சைப் போட்டுட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன்.

"ஏதோ எஸ்எஸ்டி போட்டா சரியாயிடும்னு சொன்னீங்களே, அது என்னாச்சு?"

"விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்மா."

"எப்பப்பா விசாரிச்சு முடிப்பீங்க?"

நியாயமான கேள்விதான். போன மழைக்காலத்திலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன நோய் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க். தட்டு சுற்ற வேண்டும், முள் நகர்ந்து தேட வேண்டும், தேடியதை எடுத்துத் தர வேண்டும். வயசாகிவிட்டது, தேடுகிறது, தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடும்.

எவ்வளவு பெரியது வேண்டும்? மகளின் பாடம், அவள் வரைகிற படங்கள், அம்மாக்காரியின் டியூட்டி சார்ட், கரண்ட் பில் – அவ்வளவுதான் அந்த வீட்டு கம்ப்யூட்டர் பார்க்கிற உத்தியோகம். 120 ஜிபி இன்றைக்குப் போதும், ஆனால் நிறைந்துவிட்டால் எஸ்எஸ்டியும் திணற ஆரம்பிக்கும். 480 அநாவசியம். பழைய டிஸ்க்கை எடுத்து எறியாமல் சாமான் அறை மாதிரி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், பழைய போட்டோ எல்லாம் அதில் கிடக்கட்டும். ஆக, 240. யோசிக்க இதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. எந்தக் கம்பெனி? நெட்டில் ஒருவர் ஐந்து வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது என்று எழுதுகிறார். அவருக்குக் கீழேயே இன்னொருவர் அதே டிரைவ் ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார். உள்ளே இருக்கும் சில்லு எந்த வகை, அதற்கென்று தனி நினைவகம் உண்டா, உத்தரவாதம் மூன்று வருஷமா ஐந்தா. மத்தியான சாப்பாட்டு நேரம் முழுக்க இதிலேயே போகிறது. மெழுகு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வரன் பாக்குற மாதிரில்ல பாத்துக்கிட்டு இருக்க?" என்றார்.

அசடு வழிந்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 8, ஞாயிறு

போனேன். ஸ்க்ரூடிரைவர் பை, தூசி ஊதும் பம்ப், எல்லாவற்றுடனும்.

நானும் மனைவியும் பிரிந்து இரண்டாவது வருஷம் ஓடுகிறது. சண்டை இல்லை, கோர்ட் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதற்குத் தனித்தனி வீட்டில் பேசாமல் இருக்கலாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவள். சரி என்று தலையாட்டியது நான். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இங்கே வர வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும், அழைப்பு மணியை அழுத்துவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

வழக்கமான வைத்தியம் செய்தேன். தேவையில்லாத ஃபைல்களைத் துடைப்பது, தானாகக் கிளம்பும் புரோகிராம்களை நிறுத்துவது, உள்ளே சேர்ந்த தூசியை ஊதுவது. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து முடிய வேண்டும். அது ஊர்கிற நேரத்தில்தான் வாழ்க்கை நடக்கிறது. மகள் தான் செய்துகொண்டிருக்கும் குட்டிப் படத்தைக் காட்டினாள். குடை ஒன்று மழைக்குப் பயந்து பஸ் ஸ்டாப்பில் ஒதுங்குகிறது. அனிமேஷன் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம், வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். அவள் அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே, "டீ ஃபிளாஸ்க்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பச்சைக் கோடு பாதியில் இருந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால்தான் என்ன என்று நினைத்தேன். எழுதியே விடுகிறேன், நினைத்தேன்தான்.

மார்ச் 11, புதன்

இன்னும் இரண்டு கம்பெனிகளைப் பட்டியலில் சேர்த்தேன். ஒன்றையும் நீக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. சரியாக இன்றைக்குப் பார்த்து.

ஐந்து மணிக்குள் படத்தை அனுப்ப வேண்டும். முழுப் படமாகச் சேர்க்கச் சொல்லி பட்டனை அழுத்தியிருக்கிறாள், திரை அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடி அந்த வட்டம். பென் டிரைவில் போன வாரம் எடுத்து வைத்திருந்த அரைகுறைப் பிரதியை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்கு ஓடி, அங்கிருந்து அனுப்பியிருக்கிறாள். அரைகுறையைத்தான். குடை பஸ் ஸ்டாப்புக்கே வந்து சேராத பிரதியை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "உங்களுக்குத் தெரியும்ல ப்பா, அது நிக்கும்னு" என்றாள். அவ்வளவுதான். குரலே இல்லை அதில்.

தெரியும். தெரிஞ்சுதான் ஆறப்போட்டேன். என்ன மனுஷன் நான்? ஒரு குழந்தையோட படிப்பை – சே.

அப்புறம் அவள் அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "உங்களுக்கு வேலை இருந்தா பரவாயில்ல. கடையில சொல்லி வேற ஆள வச்சு மாத்திக்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க."

வேற ஆள். இந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு வெகுநேரம் கையில் செட்டோடு உட்கார்ந்திருந்தேன். மெழுகு அக்கா என்னவென்று கேட்டார். பல் வலி என்றேன். பல் செய்கிற இடத்தில் சொல்வதற்கு நல்ல பொய்.

"நாளைக்கே வாங்கிடறேன்" என்று பதில் போட்டேன்.

மார்ச் 14, சனி

வாங்கிவிட்டேன். 240 ஜிபி. பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பட்டியலையும் பார்க்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

மேசைக்கு அடியிலிருந்து சிபியூவை இழுத்து, மூடியைக் கழற்றி, வாங்கி வந்ததை வெளியே எடுத்தேன். விரல் நீளத்தில், சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு பலகைத் துண்டு. அது புது மதர்போர்டுகளுக்கானது. அதைச் செருகுவதற்கென்று போர்டில் தனிப் பள்ளம் வேண்டும். இந்தப் பழைய போர்டில் அப்படி ஒரு பள்ளமே கிடையாது. இதற்கு வேண்டியது தட்டையான சின்னப் பெட்டி மாதிரி இருப்பது, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற அதே கேபிளில் மாட்டுவது. எனக்கு இது தெரியாதா? மாதக்கணக்கில் படித்தவன். இந்த மூடியை நான் திறந்த அளவுக்கு இந்த அறையின் ஜன்னலைக்கூட யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

அவள்தான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் தன் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

"பொருந்தலையா?"

"போர்டு பழசு. இது புது மாடல். மாத்திட்டு வரணும்."

"இந்தப் பொட்டிய எத்தனையோ தடவ தொறந்திருக்கீங்க."

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"ஒண்ணு கேக்கவா? இது சரியாயிட்டா இங்க வர முடியாதுன்னு நினைக்கிறீங்களா?"

பதில் வாய்வரை வந்தது. "அப்படியெல்லாம் இல்ல" என்று மென்று விழுங்கினேன். நாலு ஸ்க்ரூவையும் திருப்பி முடுக்கினேன், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுபடி தலையாட்டிவிட்டு வந்ததுதான் நான் செய்தது.

தெரியாமல் தப்பாக வாங்கினேனா? தெரிந்தேவா? பஸ்ஸில் வரும்போது இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். கவுன்டரில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, கை இந்தப் பட்டையின்மேல் போயிற்று. அதற்குமேல் எனக்கே தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

கடைக்குப் போய் மாற்றினேன். கவுன்டர் பெண்மணி பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாரத்துக்கு ரெண்டு பேரு இந்தத் தப்போட வருவாங்க சார், கூச்சப்படாதீங்க" என்றார். மற்றவர்கள் தெரியாமல் செய்த தப்பு அது. அதையும் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

"சாதாரண கம்ப்யூட்டருக்குத்தானே? பேர் தெரிஞ்ச கம்பெனியா, மூணு வருஷ வாரன்ட்டி இருக்கிறதா எடுத்துக்கோங்க. வீட்டுக்கு அது போதும். கேபிள் இருக்கா?" கேபிள் இல்லை. அதையும் வாங்கினேன்.

நின்ற நிலையில் வேலை முடிந்துவிட்டது. இதற்குத்தான் மழைக்காலத்திலிருந்து.

மார்ச் 22, ஞாயிறு

மாட்டிவிட்டேன்.

பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே நகலெடுக்காமல், எல்லாம் புதிதாகப் போட்டேன். பழைய குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவானேன்? மகளின் படங்கள், பழைய போட்டோக்கள் எல்லாம் பழைய டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கின்றன. அதையும் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

சுவிட்சைப் போட்டோம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. மகள் "ஐயோ!" என்று கத்தியேவிட்டாள். அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்தாள், மறுபடி போட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். இதைத்தான் இத்தனை நாள் அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்?

"சாரிம்மா" என்றேன். "முன்னாடியே பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம்தான்" என்றாள் திரையைப் பார்த்தபடி. கோபம் முழுக்கப் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

காத்திருக்க ஒன்றுமில்லை. பச்சைக் கோடு கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடுகிறது. அவள் அம்மா டீ போடவா என்று கேட்பதற்கு முன்பே நான் பையைக் கட்டிவிட்டேன். வாசலில், "இனிமே உங்களுக்கு அலைச்சல் இல்ல" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அலைச்சல் என்று நான் எப்போது சொன்னேன்?

மார்ச் 29, ஞாயிறு

போன் வரவில்லை. நல்ல டிரைவாகத்தான் வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அறையைக் கழுவினேன். துணி துவைத்தேன். மத்தியானத்துக்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. மகளுக்கு ஒரு மெசேஜ் அடித்தேன்: "கம்ப்யூட்டர் எப்படி ஓடுது?" "சூப்பர்" என்று வந்தது. அதற்குமேல் என்ன கேட்பது?

ஏப்ரல் 10, வெள்ளி

மெழுகு அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, கையில் வேலை இருந்ததால் வாய் தானாகப் பேசிவிட்டது.

ஏதாவது தேறுதல் சொல்வார் என்று பார்த்தால், மெழுகு செதுக்கும் ஊசியை மேசையில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார். "ஏம்ப்பா, மெக்கானிக்காவே போயிட்டு வந்திருக்க. மனுஷனா ஒருநாள் போய்ப் பாக்கிறது."

"போய் என்னன்னு சொல்றது?"

"அதுக்கும் நான்தான் வசனம் எழுதித் தரணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம்வரை அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் இருந்தது. யார்மேல் என்று பிறகுதான் புரிந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

போகவில்லை. சட்டைகூடப் போட்டேன். தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

போனேன். பை இல்லாமல்.

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கதவைத் திறந்தவள் முதலில் என் கையைத்தான் பார்த்தாள், பிறகு முகத்தை. "யாராவது கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. யாரும் கூப்பிடல. உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்னு இருந்துச்சு, அதான்."

சொல்லிவிட்டேன். இருபது வருஷத்தில் நான் இப்படி ஒரு வாக்கியம் அவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவள் வழிவிட்டாள்.

ஹாலில் உட்கார்ந்தேன். ரிப்பேர் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பாதியைத் தட்டோடு என் பக்கம் தள்ளினாள். உரித்தேன். பேசினோம். பெரிதாக ஒன்றுமில்லை: அவளுடைய வார்டில் புதிதாக வந்திருக்கும் தலைமை நர்ஸ், எனக்கு வந்த ரத்த அழுத்தம், வீட்டுக்காரர் ஏற்றப்போகிற வாடகை. நடுவில் இரண்டு பேரும் சும்மா இருந்தோம், அது பழைய சும்மா மாதிரி குத்தவில்லை. திரும்பி வா என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அதெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டுப் படத்தை முழுக்கப் போட்டுக் காட்டினாள். அந்தப் படிப்பு கிடைக்கவில்லையாம், போன வாரமே தெரிந்துவிட்டதாம். அடுத்த தடவைக்கு முழுப் படத்தை அனுப்பப் போகிறாளாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கம்ப்யூட்டரப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அவள் தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

கிளம்பும்போது அவள் அம்மா சுவரில் ஒட்டியிருந்த டியூட்டி சார்ட்டைப் பார்த்தாள். "அடுத்த ஞாயிறு எனக்கு டே டியூட்டி. அதுக்கு அடுத்த ஞாயிறு வாங்க."

வாய் தவறி, "ஏன், என்ன ரிப்பேர்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லாத்தான் ஓடுது. வாங்க."

மே 3. குறித்து வைத்துக்கொண்டேன்.