குறை இல்லை என்று சொன்ன அப்பாவுக்கு

அப்பா,

நேற்று ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் ஒரு மலிவுப் புத்தகக் கூடையைக் கிளறினேன். மற்றவர்கள் புத்தகத்தின் முகத்தைப் பார்ப்பார்கள்; நான் கவிழ்த்து அடியைப் பார்க்கிறேன். தாள்களின் கீழ்விளிம்பில் அந்தச் சிவப்பு முத்திரை: 'குறைப் பிரதி'. மை மணத்ததா, நான்தான் நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. உங்கள் சிவந்த விரல் நுனிகள் ஞாபகம் வந்துவிட்டன.

இந்த நாட்டில் புதுப் புத்தகத்தின் விலையைக் கடைக்காரர் குறைக்க முடியாது. விற்காததை மலிவாகத் தள்ளிவிட வேண்டுமென்றால், அதில் குறை இருக்கிறது என்று முத்திரை குத்த வேண்டும். புத்தகக் களஞ்சியத்தில் அதுதான் உங்கள் வேலை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால், "நாள் முழுக்கக் குத்துறார்" என்பேன். பாதி வகுப்பு உங்களைக் குத்துச்சண்டைக்காரர் என்றே நம்பியது.

உலகக் கிண்ணக் கால்பந்து இங்கே நடந்த கோடையில் ஒரு நாவலோடு வீட்டுக்கு வந்தீர்கள். அட்டையில் செக்கச் சிவந்த சூரியன், ஒற்றை மரம், ஒரு யானை. உள்ளே கதை முழுக்க இதே நாட்டு வுப்பர்டால் நகரில், ஒரு பேக்கரியில். எழுதியவர் அங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். கடைகளில் அதைப் பயணப் புத்தகங்களோடு அடுக்கியிருந்தார்கள். சஃபாரி போகிறவர் பேக்கரிக் கதையை ஏன் வாங்கப் போகிறார்? பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. நீங்கள் அகராதியும் கையுமாக ஒரு மாதம் வாசித்தீர்கள்.

"யானையைத் தேடித் தேடி வாசிச்சன், பிள்ளை. பாண்தான் வருது."

"யானையும் பாண் வாங்க வரும், அப்பா. பொறுங்கோ."

நீங்கள் சிரிக்கவில்லை. "ஒரு குறையுமில்லாத புத்தகம். எல்லாத்திலையும் குறை எண்டு நான்தான் குத்தினனான். அந்த மனுசி பார்த்தா என்ன நினைப்பா?"

இலையுதிர் காலத்தில் அந்த எழுத்தாளர் எங்கள் நகர நூலகத்தில் தன் நாவலை வாசித்துக் காட்ட வந்தார். அவரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தீர்கள். உள்ளே போனால், முன்வரிசையில் அந்த நாவலைப் போட்ட பதிப்பகத்து அம்மையார். உங்கள் களஞ்சியத்துக்கு வந்து போகிறவர்.

"ஏலாது, பிள்ளை. வேலை போயிடும். என்ர ஜெர்மனும் காணாது."

எழுத்தாளர் சிரித்துச் சிரித்தே சொன்னார்: அடுத்த நாவலைக் கொடுத்தபோது, ஆப்பிரிக்க மேளம் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று பதிப்பகத்தில் கேட்டார்களாம். எங்கள் வாசகர்களுக்கு இது பிடிக்காது, தப்பியோடி வந்த பெண்ணின் கதை இருந்தால் தாருங்கள் என்றார்களாம். பிறகு கேள்வி நேரம். நான் உங்கள் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கினேன். நான் செய்த குறும்புகளில் முதலிடம் அதற்குத்தான்.

"விடு, குரங்கு!" என்று பல்லைக் கடித்தீர்கள். அதற்குள் ஒலிவாங்கி வந்துவிட்டது.

எழும்பினீர்கள். ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறிய ஜெர்மனில் சொன்னீர்கள்: "எனக்குக் கேள்வி இல்லை. உங்கள் புத்தகத்தில் குறை என்று குத்தியவன் நான். முழுவதும் வாசித்தேன். குறை இல்லை."

எழுத்தாளர் முன்வரிசை அம்மையாரைப் பார்த்து, "உங்கள் பக்கத்திலிருந்து இதை வாசித்த முதல் ஆள் இவர்தான்," என்றார். மண்டபமே கைதட்டியது. அம்மையாரும் தட்ட வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை உங்களைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். "நல்லதாப் போச்சு. அங்கையிருந்து கன்டீன் கிட்ட," என்றீர்கள்.

அவருடைய இரண்டாவது நாவல் ஒரு சிறிய பதிப்பகத்தில் வந்தது. போன குளிர்காலத்தில் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டதால் அதைப் பார்க்கவில்லை. அட்டையில் மரமும் இல்லை, மிருகமும் இல்லை. என் வகுப்பில் ஒரே பிரதிக்கு ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். முன்பு இரத்தக்காட்டேரிக் காதல் தவிர வேறெதையும் தொடாத அதே கூட்டம்.

போன வாரம், அடுத்து எதை வாசிப்போம் என்று ஜெர்மன் ஆசிரியர் கேட்டார். அவருடைய முதல் நாவலைச் சொன்னேன். "அது ஆப்பிரிக்காக் கதைதானே?" என்றான் பின்வரிசையில் ஒருவன். எழும்பினேன். பேச முதல் மேலங்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினேன். நூலகத்தில் நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அறை அமைதியான பிறகு வாய் திறந்தேன். அடுத்த தவணை முழு வகுப்பும் அந்தப் பேக்கரிக்குள்தான். ஆனால் அதற்கு நான் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது, அப்பா. உங்களைப்போல நாலு வசனத்தில் முடிக்க எனக்கு இன்னும் ஏலாது.