பதினேழாம் நம்பர் வில்லை

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உன் தங்கையும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நீ சுகமாக இருக்கிறாயா?

கரண்ட் போய் இன்று ஒன்பதாவது நாள். மோட்டார் ஓடாததால் லாரித் தண்ணீர்தான், அம்மா மூன்று மாடி குடம் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் தூக்குகிறேன் என்றால் முட்டி செத்த மனுஷன் சும்மா இருங்க என்கிறாள். தங்கை பரீட்சைக்கு ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு படிக்கிறாள், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அவளைத் திட்டுவதுதான் எனக்கு இப்போது உத்தியோகம், எங்கள் துணை மின்நிலையத்தில்தான் வேலை பார்க்க ஒன்றும் மிச்சமில்லையே. ஒட்டகம் மாமா போய்விட்டார் என்று அம்மா போனில் சொன்னபோது நீ ஒன்றுமே பேசாமல் வைத்துவிட்டாயாம். பிள்ளைக்கு அதிர்ச்சி, சின்ன வயதில் அவர் தோளில் ஏறி ஒட்டகச் சவாரி போனவனாயிற்றே என்று அவள் அழுதாள். அவர் எப்படிப் போனார் என்று நான் சொல்கிறேன், கேள்.

டிரான்ஸ்பார்மர் நிற்கிற யார்டுக்குள் வேலைக்கு இறங்கும்போது அவரவர் நம்பர் போட்ட பித்தளை வில்லையை ஸ்விட்ச் கைப்பிடியில் மாட்டுவோம், மாட்டியவனே வந்து கழற்றும்வரை அந்த லைனில் யாரும் கரண்ட் விடக்கூடாது. என்னுடையது பதினேழு. மாட்ட மறக்கமாட்டேன், கழற்றத்தான் மறப்பேன், இருபது வருஷமாக எனக்காகத் திட்டிக்கொண்டே கழற்றி வந்தவர் அவர்தான். அன்றைக்கும் மறந்தேன். மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் யார்டைவிட்டு ரூமுக்குள் வந்து டீ கிளாஸைக் கையில் எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, எழுந்தேன். "உன் முட்டியோட நீ நடந்து போறதுக்குள்ள டீ ஆறிடும், உட்காருய்யா" என்று சொல்லிவிட்டு அவரே கழற்றப் போனார். நானும் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பத்துக்கு வெடித்தது.

மறுநாள் சுவரெல்லாம் வெடி வைத்தவர்களின் நோட்டீஸ். இது அரசாங்கத்துக்கு விழுந்த அடி, உயிர்ச்சேதம் எங்கள் நோக்கமல்ல, ஆளில்லாத இரண்டு முதல் இரண்டேகாலுக்குள் என்று பார்த்துத்தான் நேரம் குறித்தோம் என்று அச்சடித்திருந்தார்கள். அந்த நேரத்தை இரண்டாம் முறை படித்தேன். ஆபீஸ் காகிதத்தில் ஷிஃப்ட் மாறுவது இரண்டரைக்கு, அதுவும் யார்டில் நின்றபடி. பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று அரைமணி முன்னாலேயே உள்ளே கூடிக் கையெழுத்துப் போடுவது நாங்களாக வைத்துக்கொண்ட திருட்டு வழக்கம், எங்கள் பதினோரு பேரைத் தவிர மேலதிகாரிக்கே தெரியாது. பன்னிரண்டாவது ஆள் நீ. போன மாதம் போனில் நீதான் கேட்டாய், "யார்டுல ஆளே இல்லாத நேரம்னு ஏதாவது இருக்காப்பா?" என்று. அங்கங்கே டவரும் டிரான்ஸ்பார்மரும் வெடிக்கிற காலம், பிள்ளை எனக்காகப் பயப்படுகிறான் என்று பூரித்துப்போய் நிமிஷம் பிசகாமல் ஒப்பித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே வாயைத் திறந்தவன் நான், கெட்டது அவர். மற்றவர்களும் எங்காவது உளறியிருக்கலாம் என்று எட்டு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் "இரும்புக்கு வலிக்காதுப்பா, நாலு கம்பம் விழுந்தாத்தான் இவங்களுக்குக் காது கேக்கும்" என்று நீ அன்றைக்குப் பேசியது காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, இந்த நேரத்தை வெளியே யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பெற்ற பாசம், முந்திக்கொண்டு வந்துவிட்டது. இருபதாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பதில் எழுது, போன் வேண்டாம், அம்மா எடுத்துவிடுவாள், அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. "நான் யாரிடமும் சொல்லவில்லை" என்று நீ ஒரு வரி எழுதினால் உன்னைச் சந்தேகப்பட்டதற்கு உன் காலில்கூட விழுவேன். என் உயிரைக் காப்பாற்ற நினைத்துத்தான் யாரிடமோ அந்தக் கால்மணியைச் சொன்னாய் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. பதிலே வராவிட்டால், இன்னொரு தடவை பொய் சொல்ல என்னால் ஆகாது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், இதை மட்டும் என்னால் மாற்றி எழுத முடியவில்லை. ஒட்டகம் மாமா வீட்டு அத்தை உன்னை விசாரித்தாள், "அங்கயும் இப்படி வெடிக்குதா, புள்ள பத்திரமா இருக்கானா" என்று. ஆஸ்பத்திரியில் அவர் சாமான்களோடு என் வில்லையையும் கொடுத்தார்களாம். அவள் அதைக் கழுவித் துடைத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று என் கையில் கொடுத்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பா