அலமாரிக்குப் போன பல்செட்

அதிராம்பட்டினம்
6.5.2024

இப்ராஹிமுக்கு, ஸலாம்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். குளியலறை டம்ளரில் இருந்த என் பல்செட்டைக் கடந்த வெள்ளிக்கிழமை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். மேல்முறையீடு கிடையாது.

போன வருஷம் அப்சர் கல்யாணத்தில், எல்லோரும் கூடிக் கைபோட்டுச் சாப்பிடும் சஹன் தட்டில் அது கழன்று விழுந்தது. முதலில் சிரித்தவன் நீ. அன்றிலிருந்து நான் அதைப் போடவில்லை. பல் இல்லாமல் போனில் பேசினால் "என்ன, என்ன" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

ஜூன் ஒன்பதில் என் மகள் அனீஸாவுக்கும் உன் மகன் சமீருக்கும் நிக்காஹ். பெண்ணின் தகப்பனாகச் சபையில் உட்கார்ந்து "கட்டிக் கொடுத்தேன்" என்று நான் வாய் திறக்கப் போவதில்லை. எனக்குப் பதில் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லட்டும்.

மீரா உசேன்


தஞ்சாவூர்
11.5.2024

மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

அரசாணை கிடைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி குடிக்கிறீர்களாம். பள்ளிவாசலுக்கும் போவதில்லை, டீக்கடைக்கும் போவதில்லை என்று அக்கா சொல்கிறது. டீயைக் கடித்தா குடிக்கிறார்கள்? பல் விழுந்ததற்கு மனுஷர்களை எதற்குத் தள்ளிவைக்கிறீர்கள்?

நிக்காஹ் உங்கள் தெருப் பள்ளிவாசலில். பெற்றவர் அதே தெருவில் இருந்துகொண்டு வராவிட்டால், என் வீட்டுச் சம்பந்தம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் ஊர் பேசும். அனீஸா அழுகிறாளாம். பல்செட்டை இறக்கி மாட்டுங்கள்.

இப்ராஹிம்


அதிராம்பட்டினம்
25.5.2024

இப்ராஹிமுக்கு,

மாட்டினேன். வாய்க்குள் தோணி மாதிரி ஆடுகிறது. ஈறு புண்ணாகிவிட்டது. உன் அக்கா ஹமீதா பானு என்னைத் தஞ்சாவூர் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். உன் வீட்டுக்கு வேண்டுமென்றேதான் வரவில்லை.

டாக்டர் சின்னப் பெண். போடாமலே வைத்திருந்ததில் ஈறு சுருங்கிவிட்டதாம். புண் ஆறிய பிறகு புதிதாக அளவெடுக்க வேண்டும், ஒன்பதாம் தேதிக்குள் ஆகாது என்றது. பிறகு, பல்லுக்குச் சம்பந்தமே இல்லாமல், "வீட்ல தனியா இருக்கீங்களா ஐயா?" என்று கேட்டது. மனைவியோடு இருக்கிறேன் என்றேன். நான் சொன்னது அதற்குப் புரியவில்லை. உன் அக்கா விளக்கினாள்: "தனியாத்தான் இருக்காங்க டாக்டர்."

சரி, பல் இல்லாமலே வந்து சொல்கிறேன். சிரிக்க மாட்டேன் என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்து எழுதி அனுப்பு. அந்தக் கடிதம் வந்தால்தான் நான் வருவேன்.

மீரா உசேன்


தஞ்சாவூர்
30.5.2024

மச்சானுக்கு,

சத்தியம் செய்ய முடியாது. சிரிப்பு வந்தால் சிரிப்பேன். என் வாப்பா இறந்த அன்று மையத்து வீட்டிலேயே சிரித்தவன் நான். அல்லாஹ் பெயரில் பொய் எழுத மாட்டேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன், அவ்வளவுதான் முடியும். பெற்ற மகளின் நிக்காஹுக்கு வர என் சத்தியம்தான் வேண்டுமென்றால், அலமாரியில் பல்செட்டுக்குப் பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இப்ராஹிம்


தஞ்சாவூர்
10.6.2024

மச்சானுக்கு,

நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு நிக்காஹ் நடந்தது. நீங்கள் வராததால் உங்கள் சார்பில் ஹஜ்ரத் சொன்னார். சமீருக்கு லீவு முடிகிறது. அனீஸாவை அழைத்துக்கொண்டு வியாழக்கிழமை திருச்சியிலிருந்து துபாய்க்கு விமானம் ஏறுகிறான்.

இப்ராஹிம்